முடிவு முன்னே, காரணம் பின்னே

தவறான தகவலை நம்பி வாதிடுபவரைத் திருத்துவது எளிது. சரியான தகவலைக் காட்டினால் அவர் மாறிவிடக்கூடும். முடிவை முதலில் எடுத்துவிட்டு, அதற்குரிய காரணங்களைப் பின்னர் திரட்டுபவரைத் திருத்துவதுதான் அரிது. அவரைப் பொய்யர் என்று தள்ளிவிடவும் இயலாது. தாம் நேர்மையாக ஆராய்ந்தே இம்முடிவுக்கு வந்ததாக அவர் உண்மையிலேயே நம்புகிறார். உவப்பான சான்று வரும்போது அகலத் திறக்கும் அவரது மனக்கதவு, உவப்பற்ற சான்று வரும்போது ஆயிரம் கேள்விகளைக் கேட்கிறது. கேள்வி கேட்பது தம் அறிவு என்று அவர் எண்ணுகிறார். கேட்கத் தூண்டியது தம் விருப்பம் என்பதை அவர் அறிவதில்லை.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று தமிழ்ப் பழமொழி இதனை என்றோ சொல்லிவிட்டது. குடம் ஒன்றுதான். உடைத்தவர் யார் என்பதைப் பார்த்த பிறகு குடத்தின் மதிப்பு முடிவாகிறது. அரசியல் வாதங்களிலும் அறம் பற்றிய வாதங்களிலும் இந்தக் குடம் நாள்தோறும் உடைகிறது. உளவியலார் இதனை விருப்பம் ஏவும் தருக்கம் என்ற பொருளில் குறிப்பிடுகின்றனர். புலம்பெயர்ந்த சமூகம் இதனைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். அச்சமூகம் இத்தகைய தருக்கத்தால் பாதிக்கப்பட்டும் இருக்கிறது. அதனைத் தானே கையாண்டும் வருகிறது.

மூன்று மாதங்களில் மாறிய அளவுகோல்

அமெரிக்காவில் யார் குடியுரிமை பெறலாம் என்பதை 1790ஆம் ஆண்டின் சட்டம் வரையறுத்தது. அடிமையல்லாத வெள்ளையர் மட்டுமே அதற்குத் தகுதியுடையோர் என்று அச்சட்டம் கூறியது. உள்நாட்டுப் போருக்குப் பின், 1870இல் ஆப்பிரிக்க வழிவந்தோரும் சேர்க்கப்பட்டனர். ஆசியரைப் பற்றி அச்சட்டத்தில் சொல் ஏதும் இல்லை. எனவே "வெள்ளையர் என்பவர் யார்?" என்ற வினா நீதிமன்றங்களின் முன் மீண்டும் மீண்டும் எழுந்தது.

ஜப்பானில் பிறந்த தக்காவோ ஒசாவா இளம் வயதிலேயே அமெரிக்கா வந்தவர். கலிபோர்னியாவில் படித்தார், பின்னர் ஹவாயில் குடியேறினார். வீட்டில் ஆங்கிலமே பேசினார்; பிள்ளைகளை அமெரிக்கப் பள்ளிகளுக்கே அனுப்பினார். 1914இல் குடியுரிமை கோரி விண்ணப்பித்தார். ஜப்பானியரின் தோல் நிறமும் வெண்மையே என்பதும், தம் வாழ்க்கைமுறை முழுவதும் அமெரிக்க வாழ்க்கைமுறையே என்பதும் அவர் தரப்பின் வாதங்கள். 1922 நவம்பர் 13 அன்று உச்சநீதிமன்றம் அவற்றை ஏற்க மறுத்தது. தோல் நிறம் மனிதருக்கு மனிதர் வேறுபடுவதால் அதனை அளவுகோலாகக் கொள்ள இயலாது என்றும், சட்டம் குறிப்பிடும் வெள்ளையர் காக்கேசிய இனத்தவரே என்றும், ஜப்பானியர் அவ்வினத்தைச் சேராதவர் என்றும் தீர்ப்பளித்தது.

அடுத்து வந்தவர் பகத் சிங் திந்த். இந்திய விடுதலைப் போரில் தூக்குமேடை ஏறிய பகத் சிங் வேறு, இவர் வேறு. பஞ்சாபில் பிறந்து 1913இல் அமெரிக்கா வந்த சீக்கியர்; முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். அக்கால இனவியல் நூல்கள் வட இந்தியரைக் காக்கேசியர் என்றே வகைப்படுத்தியிருந்தன. 1920இல் ஒரிகன் மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றம் அவருக்குக் குடியுரிமை வழங்கியது. அரசு மேல்முறையீடு செய்தது. உச்சநீதிமன்றம் சில மாதங்களுக்கு முன் வகுத்த விதியை அப்படியே பின்பற்றியிருந்தால் திந்த் வென்றிருக்க வேண்டும்.

அவர் வெல்லவில்லை. 1923 பிப்ரவரி 19 அன்று அதே நீதிமன்றம் தன் அளவுகோலை மாற்றிக்கொண்டது. இனவியலாரின் வகைப்பாடு இங்கு உதவாது என்றும், சாதாரண மனிதரின் புரிதலில் யார் வெள்ளையரோ அவரே வெள்ளையர் என்றும், அப்புரிதலில் இந்தியர் அடங்கார் என்றும் கூறியது. இரண்டு தீர்ப்புகளும் ஒருமனதானவை. இரண்டையும் எழுதியவர் ஒரே நீதிபதி, ஜார்ஜ் சதர்லாந்து. அவரே இங்கிலாந்தில் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்.

முதல் தீர்ப்பிலேயே "மக்கள் வழக்கில் காக்கேசியர் எனப்படுவோர்" என்னும் கருத்து இடம்பெற்றுள்ளது; ஆகவே முரண்பாடு இல்லை என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதம் நிற்காது. கண்ணால் காணும் நிறத்தையும் அன்றாட வாழ்க்கையையும் சான்றாக வைத்தவரிடம் இனம் எது என்று கேட்கப்பட்டது. இனத்துக்கு நூற்சான்று காட்டியவரிடம், நூல் வேண்டாம், சாதாரண மனிதரின் கண்ணுக்கு நீர் எப்படித் தோன்றுகிறீர் என்று கேட்கப்பட்டது. எந்தச் சாவியைக் கொண்டுவந்தாலும் பூட்டு மாற்றப்பட்டது. இரண்டு தீர்ப்புகளிலும் மாறாமல் இருந்தது ஒன்றே: உள்ளே விடக்கூடாது என்ற முடிவு.

இந்தத் தருக்கப் பிழைக்கு மனிதர்கள் விலை கொடுத்தார்கள். முன்னரே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்து அது பறிக்கப்பட்டது. அவர்களுள் ஒருவர் சான் பிரான்சிஸ்கோவில் வணிகம் செய்த வைஷ்ணோ தாஸ் பகாய். நாடற்றவராக்கப்பட்ட அவர், 1928இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இந்தியர் குடியுரிமை பெறும் உரிமை 1946இல்தான் சட்டமாயிற்று. அப்போதும் இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர் மட்டுமே குடியேறலாம் என்பது வரம்பு.

மனுதாரரின் மறுபக்கம்

இதுவரை படித்தவர் நீதிமன்றத்தின் மீது சினம் கொள்வது இயல்பு. அச்சினம் நியாயமானதே. ஆனால் திந்தின் தரப்பு முன்வைத்த வாதத்தையும் படிக்க வேண்டும்.

இன அடிப்படையில் குடியுரிமையை மறுப்பது அநீதி என்று அவ்வாதம் கூறவில்லை. தாம் உயர்சாதி ஆரியர். ஆகவே வெள்ளையர் என்றே அது கூறியது. சாதிக் கட்டுப்பாடு தூய்மையைக் காத்தது என்பது அதன் அடித்தளம். அமெரிக்க வெள்ளையர் கறுப்பினத்தவரை மண உறவில் எப்படி விலக்கி வைக்கிறாரோ, அப்படியே உயர்சாதி இந்தியரும் தம் நாட்டுப் பழங்குடியினரை விலக்கி வைக்கிறார் என்பதே அத்தரப்பு எடுத்துக்காட்டிய சான்று. பிறரை விலக்கும் பழக்கமே தம்மைச் சேர்த்துக்கொள்வதற்கான தகுதியாக முன்வைக்கப்பட்டது.

நீதிமன்றம் அந்த வாதத்தை அதன் களத்திலேயே வீழ்த்தியது. சாதி விதிகள் கலப்பைத் தடுக்கவே வகுக்கப்பட்டன. ஆயினும் அவை முற்றாக வெற்றி பெறவில்லை என்றது. வட இந்தியாவின் சில பகுதிகளில் ஆரியர், கருநிறத் திராவிடரோடு கலந்ததையும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. தமிழர் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். வழக்காடிய இரு தரப்பும் மனிதரைத் தரம் பிரிக்கும் ஏணியை ஏற்றுக்கொண்டன. எந்தப் படியில் யார் நிற்பது என்பதில் மட்டுமே பூசல். அந்த ஏணியின் கீழ்ப்படியில் இரு தரப்பாலும் நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்த மன்றத்தில் வழக்கறிஞர் இல்லை.

ஒடுக்கப்பட்டவர் என்பதால் ஒருவருடைய தருக்கம் தூயதாகிவிடாது. அநீதிக்கு ஆளானவரும் தம் விருப்பத்துக்கேற்ப அளவுகோலை வளைக்கக்கூடும். இவ்வழக்கு தரும் கசப்பான பாடம் இது.

கல்வி காக்குமா?

படித்தவர் இவ்வலையில் விழமாட்டார் என்று புலம்பெயர்ந்தோர் பலர் நம்புகின்றனர். பொறியியல், மருத்துவம், கணினி என உயர்கல்வி பெற்ற சமூகம் அல்லவா இது! ஆய்வுகள் அந்த நம்பிக்கைக்குத் துணைநிற்கவில்லை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலார் 1979இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மரண தண்டனையை ஆதரிக்கும் மாணவர் 24 பேர், எதிர்க்கும் மாணவர் 24 பேர் என 48 பேரிடம் இரண்டு ஆய்வுச் சுருக்கங்கள் தரப்பட்டன. மரண தண்டனை கொலைகளைக் குறைக்கிறது என்றது ஒன்று. குறைப்பதில்லை என்றது மற்றொன்று. இரு தரப்பினரும் அதே இரண்டு ஆய்வுகளைத்தான் படித்தனர். தம் கருத்துக்கு ஒத்துப்போன ஆய்வு நன்கு செய்யப்பட்டது என்றும், ஒத்துப்போகாதது குறைபாடுடையது என்றும் இரு தரப்பினரும் கூறினர். படித்து முடித்தபின் தத்தம் கருத்தில் முன்னைவிட உறுதியடைந்ததாகவும் தெரிவித்தனர். சான்றுகள் அவர்களை நெருங்க வைக்கவில்லை, மேலும் விலக்கின.

யேல் பல்கலைக்கழகத்தின் டான் காஹனும் அவருடன் பணியாற்றியோரும் 2013இல் முன்வைத்த ஆய்வு இன்னும் கூர்மையானது. அதில் கலந்துகொண்டோர் 1,111 அமெரிக்கர். ஓர் எண் அட்டவணை அவர்களிடம் தரப்பட்டது. தோல் நோய்க்கான களிம்பு பயன் தந்ததா என்று கண்டறியுமாறு சிலரிடம் கேட்கப்பட்டது. கைத்துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு விதித்த நகரங்களில் குற்றம் குறைந்ததா என்று கண்டறியுமாறு வேறு சிலரிடம் கேட்கப்பட்டது. எண்கள் அவையே. களிம்பு பற்றிய கணக்கில் கணிதத் திறமை மிக்கோர் சிறப்பாக விடையளித்தனர். துப்பாக்கி பற்றிய கணக்கிலோ விடை கட்சி வழியே பிளவுபட்டது. கணிதத் திறமை மிக்கோரிடையே அப்பிளவு பெரிதாகவும் இருந்தது. திறமையால் பிளவு பெருகும் என்ற அந்த முடிவு, பிறர் நடத்திய மறுசோதனைகள் எல்லாவற்றிலும் அதே வலுவோடு வெளிப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் கணிதம் கற்றவர் தம் கட்சி பற்றிய கணக்கிலும் நடுநிலையாளராகவே இருப்பார் என்று எண்ண இடமில்லை. கூரிய கத்தி எந்தக் கையில் இருக்கிறதோ அந்தக் கை வெட்ட விரும்புவதைத்தான் வெட்டும்.

வீட்டுக்குள் ஒரு நீதிமன்றம்

இப்போது அந்தக் கத்தியைப் புலம்பெயர்ந்தோர் வீட்டின் பக்கம் திருப்பிப் பார்க்கலாம்.

2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டில் கலிபோர்னியச் சட்டமன்றம் அத்தகைய ஒரு சட்டமுன்வரைவை நிறைவேற்றியது. நடப்பிலுள்ள சட்டங்களே சாதிப் பாகுபாட்டையும் தடுக்கும் என்று கூறி, ஆளுநர் கவின் நியூசம் அக்டோபர் 7 அன்று அதற்கு ஒப்புதல் மறுத்தார். தனிச்சட்டம் தேவையா என்பதில் நேர்மையான கருத்து வேற்றுமைக்கு இடம் உண்டு. இங்கே கேள்வி அதுவன்று. அவ்விவாதத்தில் கையாளப்படும் அளவுகோல்கள் பற்றியது.

அலுவலகத்தில் தம் நிறத்தாலோ உச்சரிப்பாலோ ஒதுக்கப்பட்டதாக ஒருவர் கூறும்போது, அவர் பட்டதைச் சொல்வதே போதிய சான்றாகக் கொள்ளப்படுகிறது. "அனுபவித்தவருக்குத்தான் அதன் வலி தெரியும்" என்கின்றனர். அதே அலுவலகத்தில் சாதியால் ஒதுக்கப்பட்டதாக மற்றொருவர் கூறும்போது, "புள்ளிவிவரம் எங்கே? ஆய்வு எங்கே? ஒருவர் சொல்வதை நம்பிவிட முடியுமா?" என்கின்றனர். சான்று கேட்பது தவறன்று. முதலாமவரிடம் அதனை ஏன் கேட்கவில்லை என்பதே வினா. ஒசாவாவுக்கு ஒரு கோல், திந்துக்கு ஒரு கோல் என்று அளந்த அந்த நீதிமன்றம், இன்று வரவேற்பறையில் கூடியிருக்கிறது.

எதிர்த்தரப்பும் இதற்கு விலக்கன்று. குற்றச்சாட்டு எழுந்த அன்றே தீர்ப்பெழுதிவிட்டு, குற்றம் சாட்டப்பட்டவரின் விளக்கத்தைக் கேட்பதே பாவம் என்போரும் உண்டு. அவர்களே தம்மவர் மீது குற்றச்சாட்டு வரும்போது முறையான விசாரணை வேண்டும் என்று கோருகின்றனர். அங்கும் குடம் ஒன்றுதான்.

திருமணப் பேச்சில் இது மேலும் தெளிவாகப் புலப்படும். "எங்களுக்குச் சாதி வேற்றுமையெல்லாம் கிடையாது. பழக்கவழக்கம் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான்" என்பது பல பெற்றோர் சொல்லும் காரணம். அக்காரணம் உண்மையானால் அதனைச் சோதித்துப் பார்க்க வழி உண்டு. தமிழே தெரியாமல், வேறு உணவும் வேறு பழக்கமும் கொண்டு வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளையாயினும், தம் சாதியைச் சேர்ந்ததாயின் அவ்வரன் ஏற்கப்படுகிறது. அதே தமிழ் பேசி, அதே உணவு உண்டு, அடுத்த தெருவில் வளர்ந்த வேறு சாதிப் பிள்ளையாயின் பழக்கவழக்கம் ஒத்துப்போகாது எனப்படுகிறது. ஆகவே பழக்கவழக்கம் காரணமன்று. காரணம் கேட்போருக்குச் சொல்வதற்கென வைத்திருக்கும் விடை. 1923இல் ஒரு வழக்குரையில் வெளிப்படையாக எழுதப்பட்ட மண விலக்கு, இன்று மென்மையான சொற்களில் அதே வேலையைச் செய்கிறது.

தகுதி பற்றிய வாதமும் இவ்வகையினதே. தாய்நாட்டு இடஒதுக்கீட்டை எதிர்க்கும்போது நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணே தகுதியின் ஒரே அளவு. வாழும் நாட்டில் தம் பிள்ளையின் மதிப்பெண் சற்றுக் குறைந்துவிட்டால், மதிப்பெண்ணுக்கு அப்பால் பிள்ளையின் முழு ஆளுமையையும் பார்க்க வேண்டும் என்கின்றனர். இரண்டு கருத்துகளில் எதனையும் ஒருவர் நேர்மையாகக் கொள்ளலாம். இரண்டையும் தம் பிள்ளையின் வசதிக்கேற்ப மாற்றி மாற்றிக் கொள்வதற்குக் கொள்கை என்று பெயரிட இயலாது.

பாதி அறிக்கை

ஈழத்தமிழருக்கு நீதி கோரும் பணியிலும் இச்சோதனை உண்டு. ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழுவின் அறிக்கை 2011 ஏப்ரலில் வெளியானது. பொதுமக்கள் மீதும் மருத்துவமனைகள் மீதும் அரசுப் படைகள் எறிகணை வீசியது, மனிதாபிமான உதவிகளைத் தடுத்தது முதலான நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகளை அது பதிவு செய்தது. பொதுமக்களை வெளியேற விடாமல் தடுத்தது, தப்பியோட முயன்றோரைச் சுட்டது, சிறுவரைப் படையில் சேர்த்தது எனப் புலிகள் மீதான நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகளையும் அதே அறிக்கை பதிவு செய்தது.

இலங்கை அரசு அவ்வறிக்கையை ஏற்கவில்லை. தனக்குக் கசப்பான பகுதிக்காக முழுவதையும் ஒருதலையானது என்று தள்ளியது. தமிழர் தரப்பிலும் அறிக்கையின் முதற்பகுதியை ஐயமற்ற சான்றாக எடுத்துக்காட்டி, இரண்டாம் பகுதி வரும்போது "அந்தக் குழுவுக்கு என்ன தெரியும்?" என்போர் உள்ளனர். குழு ஒன்றே; விசாரணை முறை ஒன்றே. முதற்பகுதியை நம்பச் செய்த அதே காரணங்கள் இரண்டாம் பகுதியையும் நம்பச் செய்ய வேண்டும். இருதரப்புக் குற்றங்களும் அளவிலும் பொறுப்பிலும் சமமானவை என்று இதற்குப் பொருளில்லை. அளவையும் பொறுப்பையும் சான்றைக் கொண்டே நிறுவ வேண்டும் என்பதே பொருள்.

இது வெறும் அறநெறி அறிவுரையாக நின்றுவிடுவதில்லை. கனடாவிலோ பிரித்தானியாவிலோ ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் முன் வாதாடச் செல்லும் இளையவர், அறிக்கையின் பாதியை மறைத்துப் பேசினால், மறுபாதியை எதிர்த்தரப்பு அவருக்கு முன்பே அங்கே கொண்டுசேர்த்திருக்கும். அப்போது அவர் சொன்ன உண்மையும் ஐயத்துக்குள்ளாகும். முழுவதையும் ஏற்று, அதன்மேல் நின்று நீதி கேட்பவரை அவ்வாறு வீழ்த்த இயலாது. இறந்தோருக்குச் செய்யும் கடமையும் அதுவே.

ஒரே ஒரு வினா

"நடுநிலையோடு சிந்தியுங்கள்" என்று சொல்வதால் பயன் உண்டா? மரண தண்டனை ஆய்வை நடத்திய குழுவைச் சேர்ந்தோர் 1984இல் அதனையும் சோதித்தனர். ஒரு பிரிவினரிடம், நீதிபதியைப் போலச் சார்பின்றி மதிப்பிடுங்கள் என்றனர். பயன் கிட்டவில்லை. மற்றொரு பிரிவினரிடம் ஒரு வினாவைக் கொடுத்தனர்: "இதே ஆய்வு, இதே முறையில் நடந்து, நேர்மாறான முடிவைத் தந்திருந்தால் அதனை இப்படியே மதிப்பிட்டிருப்பீர்களா?" சார்பு கணிசமாகக் குறைந்தது. நீதிபதியாக இரு என்ற அறிவுரை ஏன் பயன்படவில்லை என்பது சதர்லாந்தின் இரண்டு தீர்ப்புகளையும் படித்தவருக்கு வியப்பளிக்காது. தம்மை நடுநிலையாளர் என்று ஏற்கெனவே நம்பிக்கொண்டிருப்பவரிடம் நடுநிலை வேண்டும் என்பதால் என்ன மாறும்?

திருக்குறள் நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி, துலாக்கோலை அதற்கு உவமையாக்கியது. துலாக்கோலைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு தட்டுகளில் உள்ளவற்றையும் இடம் மாற்றி வைத்துப் பார்ப்பதே அது. கோல் நேர்மையானதாயின் எடை மாறாது.

பெற்றோர் தம் முடிவுகளுக்குக் காரணம் சொல்லும்போது பிள்ளைகள் இவ்வினாவைக் கேட்கட்டும். கேட்பதை அடங்காமை என்று கருதாமல் விடை சொல்லும் துணிவு பெற்றோருக்கு வேண்டும். இளையோரும் தம்மைச் சோதித்துக்கொள்ளக் கடமைப்பட்டவர்களே. பெற்றோரின் சார்பு சாதியையும் ஊரையும் பற்றியதென்றால், இளையோரின் சார்பு தம் நண்பர் வட்டத்தின் கைதட்டலைப் பற்றியது. வட்டம் ஏற்காது என்பதற்காகவே ஒரு சான்றைத் தள்ளுவதும் அதே பிழைதான்.

சிறுபான்மையினராக வாழும் ஒரு சமூகத்திடம் படையும் இல்லை, பெரும் வாக்கு வலிமையும் இல்லை. அதனிடம் இருப்பது வாதம் ஒன்றே. அந்த வாதத்தின் அளவுகோல் ஆளுக்கேற்ப வளைவது ஒருமுறை வெளிப்பட்டால், அடுத்த முறை அச்சமூகம் பேசும்போது கேட்பவர் இருக்க மாட்டார். தனக்கு இழைக்கப்பட்ட அநீதியை எந்தக் கோலால் அளக்கிறதோ, தான் இழைக்கும் அநீதியையும் அந்தக் கோலாலேயே அளக்கும் சமூகத்தின் சொல்லுக்குத்தான் எடை உண்டு. அந்த எடையைத் தேடிக்கொள்ளும் வேலையை ஒவ்வொரு வீடும் தன் வரவேற்பறையிலிருந்தே தொடங்க வேண்டும்.